திரையாகக் கட்டிய தோணிப் பாய்

தூத்துக்குடி
16-2-1974, சனிக்கிழமை

அன்புள்ள வாவுக்கு,

வில்பிரட் எழுதுவது. கொழும்பில் நீயும் கடையில் எல்லாரும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். உன் உம்மாவும் தங்கை ருகையாவும் நலம். போன ஞாயிறு காயல்பட்டினம் போயிருந்தேன். உன்னிடமிருந்து கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்கத்தான் போனேன். உம்மா அதைப் புரிந்துகொள்ளாமல் சாப்பிட வைத்து அனுப்பினார்கள்.

எங்கள் வீட்டில் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பாவின் 'சந்தியாகப்பர்' தோணி ஓடு ஏற்றிக்கொண்டு நாலாம் தேதி காலை கொழும்புக்குப் புறப்பட்டது. மூன்று நாள் ஓட்டம், காற்று ஏமாற்றினால் ஐந்து நாள். இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. தோணி ஆபீசில் தந்தி கொடுத்துக் கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை 'வரவில்லை' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர்களும் கேட்கவில்லை. ஆபீஸ்காரர்கள் நோட்டைத்தான் பார்ப்பார்கள். நீ அப்பாவின் முகம் தெரிந்தவன். தயவுசெய்து துறைமுகத்துக்கு நீயே போய்ப் பார். கடையில் விடமாட்டார்கள் என்றால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போ.

பட விழா நடந்ததா என்று கேட்டிருந்தாய். நடந்தது. இரண்டு வருடமாக நீயும் நானும் கடற்கரையில் உட்கார்ந்து கனவு கண்டோமே, அந்த விழாதான். மூன்று நாள், மூன்று படம். உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்று காலியாகக் கிடந்தது. சன்னலுக்கெல்லாம் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். தேவபிரசாதம் அண்ணன் தான் வேலை பார்க்கும் கல்லூரியிலிருந்து புரொஜெக்டரைக் கேட்டு வாங்கிவந்தார். தகரப் பெட்டியில் படங்கள் மெட்ராஸ் மெயிலில் வந்து இறங்கியபோது நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். போர்ட்டர் பார்த்துவிட்டு, "ஏலே, உள்ள என்ன பொண்ணா இருக்கு?" என்றார். முந்நூறு பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். முதல் நாள் அறுபத்தொரு பேர். இரண்டாம் நாள் முப்பது. அதில் பாதிப் பேர் நிழலுக்கு ஒதுங்கியவர்கள்.

திரைதான் பெரிய பாடாக இருந்தது. இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்துப் பார்த்தோம். ஆளின் முகத்தில் மூக்குக்குக் குறுக்கே தையல் ஓடியது. அப்பாவின் தோணிக்குப் புதுப் பாய் தைத்து வந்திருந்த நேரம் அது. வெள்ளை வெளேரென்று, இன்னும் உப்புக் காற்றுப் படாமல் வீட்டில் சுருட்டி வைத்திருந்தார். பயந்து பயந்துதான் கேட்டேன். "மூணு நாளுதானல? மடிக்காம சுருட்டிக் கொண்டாந்துரு" என்றார். அதோடு விடவில்லை. அவரே கிட்டங்கிக்கு வந்து, உத்தரத்தில் கப்பி கட்டி, தோணியில் ஏற்றுவது மாதிரியே ஏற்றிக் கொடுத்தார். முதல் நாள் படத்தைக் கடைசி வரிசையில் நின்று பார்த்தார். பாதியில் போய்விட்டார். ஆனாலும் வந்தார்.

படம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஓரமெல்லாம் வெளிச்சம் சிந்திக்கொண்டே இருந்தது. கொழும்புத் தியேட்டரில் திரையைச் சுற்றிக் கறுப்புக் கரை கட்டியிருப்பார்கள், அதனால்தான் படம் கத்தரித்தது போல நிற்கிறது என்று நீ எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை வாவு. கறுப்புத் துணி வாங்க வழியில்லை. யாரையும் கேட்கத் தோன்றாதது என் குற்றம். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, தோணி அடியில் பூசிய தார் மிச்சம் ஒரு தகர டப்பாவில் கிடந்தது. பாயை இறக்கி, நாலு ஓரமும் ஒரு சாண் அகலத்துக்குப் பூசினேன். கயிறு பிடித்துக் கோடு போட்டு, அவ்வளவு அழகாகப் பூசினேன்.

படம் எப்படித் தெரிந்தது தெரியுமா! அன்று ஜப்பான் படம், ஒரு மீன்காரனின் கதை. அலை அப்படியே கிட்டங்கிக்குள் வந்து இறங்கியது. மீன் விற்கும் பெண்கள் நாலு பேர் கூடையோடு வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒரு அக்கா, "ஏளா, வலைய இப்பிடி எறிஞ்சா இவன் பொண்டாட்டி புள்ள என்னத்தத் திங்கும்?" என்று சத்தம் போட்டாள். ஆனால் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. எனக்கு அது போதும் என்று இருந்தது.

அன்று சாயங்காலமே அப்பாவும் தோணி ஆட்களும் பாயை எடுக்க வந்தார்கள். முதலில் நுழைந்தவர் தொம்மை மாமா. அண்ணாந்து பார்த்தவர் தலைத்துண்டைக் கழற்றிவிட்டார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. எங்கள் தெருவில் யாராவது இறந்தால் மாதா கோயில் சுவரில் அறிக்கை ஒட்டுவார்கள், நீயும் பார்த்திருக்கிறாய். வெள்ளைத் தாள், நாலு பக்கமும் கறுப்புக் கரை, நடுவில் பெயர். அதுதான் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது, நடுவில் பெயர் மட்டும் எழுதாமல். பிறந்ததிலிருந்து அந்தத் தாளைப் பார்த்து வளர்ந்தவன் நான். பூசும்போது எனக்குக் கொழும்புத் தியேட்டர் மட்டும்தான் தெரிந்தது.

"தண்டலே, இதை ஏத்துனா ஒருத்தனும் தோணியில கால் வைக்க மாட்டான். எங்க பேரை எழுதுறதுதான் பாக்கி" என்று தொம்மை மாமா சொல்லிவிட்டார். சரக்கு ஏற்றியாகிவிட்டது. கஸ்டம்ஸ் காகிதமும் முடிந்துவிட்டது. தோணியை நடத்தும் தண்டல் அப்பா. அவர்தான் முடிவு சொல்ல வேண்டும். பழைய பாயையே எடுத்துக் கட்டச் சொன்னார். பதினோரு ஒட்டுப் போட்ட பாய் அது. அது இனித் தாங்காது என்றுதானே புதுசு தைத்தார்.

ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்று கொஞ்சம் தூங்குவேன். மறுநாள் விடிகாலையில் வீட்டை விட்டு இறங்கும்போது, "படம் நல்லாத் தெரிஞ்சுதால?" என்று கேட்டார். தெரிந்தது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

தோணி போன மூன்றாம் நாள் கிழக்கிலிருந்து கொண்டல் காற்று கடுமையாக அடித்தது. இலங்கைக் கரையில் கற்பிட்டிப் பக்கம் ஒதுங்கியிருப்பார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டு நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா சோற்றைப் போடுகிறாள். என் முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொள்கிறாள். தேவபிரசாதம் அண்ணன் நேற்று வந்து, அடுத்த வருட விழாவுக்கு இப்போதே படம் கேட்டு எழுதலாமா என்றார். அவரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ரொம்பக் களைப்பாக இருக்கிறது வாவு.

பாய் தைக்கும் வீரபாகு அண்ணாச்சியிடம் நாலு நாள் உட்கார்ந்தேன். தார் பட்ட ஓரத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, கயிறு வைத்துப் புதிதாகக் கரை தைத்தோம். அவர் பாதி தைத்தார், பாதி நான். என் தையல் கோணலாக இருக்கும், பார்த்தாலே தெரியும். "ஒரு சாண் குறைஞ்சா காத்து ஒண்ணும் கோவிச்சுக்கிடாதுல" என்றார் அண்ணாச்சி.

அந்தப் பாயைத் திங்கள்கிழமை புறப்படும் தோணியில் உன் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். இந்தக் கடிதமும் அதோடுதான் வருகிறது. அப்பா அங்கே வந்திருந்தால் அவர் கையில் கொடு. கறுப்பு ஒரு இழைகூட இல்லை என்று தொம்மை மாமாவிடம் விரித்துக் காட்டு. இதைக் கட்டிக்கொண்டு திரும்பி வரச் சொல்.

இன்னும் வரவில்லை என்றால், உன் கடையில் ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்திரு. மடிக்காதே, சுருட்டியே வை. எத்தனை நாள் ஆனாலும் இருக்கட்டும். யார் என்ன சொன்னாலும், அதை மட்டும் இங்கே திருப்பி அனுப்பிவிடாதே.

உன் வேலையும் உடம்பும் குறைவில்லாமல் இருக்கட்டும்.

உன் நண்பன்,
வில்பிரட்