மூன்று ஞாயிறு வாசிக்கும் ஓலை

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
14-7-1946

பிரியமுள்ள புஷ்பத்துக்கு,

ஃப்ளோரன்ஸ் அன்போடு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். உங்கள் வீட்டில் எல்லோர் சுகத்துக்கும் எழுது.

தியாகராய நகர் என்ன கடல் கடந்தா இருக்கிறது? ஆனாலும் உன்னைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. பள்ளிக்கூடத்தில் நாலாவது பாரத்தில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. பெரியவளானாய் என்று உன்னை வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். கணக்கில் தட்டுத்தடுமாறிய நான் இன்டர்மீடியட் இரண்டாம் வருஷத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இது என்ன நியாயமோ!

ஒரு விஷயம். நான் பாடுகிற கோயில் பாடகர் குழுவில் அல்போன்ஸ் என்று ஒருவர். பாரிமுனையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஞாயிறு பூசை முடிந்ததும் கடற்கரைப் பக்கம் பேசிக்கொண்டே நடக்கிறோம். துணைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வருவாள். வருவாளே தவிர, சுண்டல்காரனைக் கண்டதும் அங்கேயே நின்றுவிடுவாள். வீட்டுக்குத் தெரியாது. அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. பிரம்பைப் பள்ளிக்கூடத்தில் வைத்துவிட்டு வருவார், வாத்தியார் முகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஃப்ளோரன்ஸ்

முருகன் துணை

தியாகராய நகர்,
2-8-1946

அன்புள்ள ஃப்ளோரிக்கு,

கடிதம் கிடைத்தது. நல்ல வேளை, கவரில் போட்டாய். கார்டாக இருந்தால் கடையிலேயே அப்பா வாசித்திருப்பார். உன் விலாச எழுத்து மதர் கையெழுத்து மாதிரி குண்டு குண்டாக இருக்கவே, பள்ளிக்கூடத்துக் கடிதம் என்று பிரிக்காமல் கொடுத்துவிட்டார்.

எனக்கும் ஒரு விஷயம் உண்டு. ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை அத்தை மகன் கருணாகரன் அத்தான். நம் துணிக்கடையிலேயேதான் இருக்கிறார். கீழே கடை, மாடியில் நாங்கள். ரேஷன் கூப்பனோடு வருகிறவர்களிடம், "சரக்கு வரலம்மா, திங்கக்கிழமை வந்து பாருங்க" என்று அவர் சொல்கிற குரல்தான் எனக்குப் பழக்கம். முகத்தை நேராகப் பார்த்ததில்லை என்றால் சிரிப்பாய்.

நீ என்னடி என்றால் ஓர் ஆணோடு கடற்கரையில் நடக்கிறாய்! காலம் மாறிவிட்டதா, நீ மட்டும் மாறிவிட்டாயா? அவர் ஒருநாளாவது கல்யாணம் என்று வாயைத் திறந்தாரா? மற்றதெல்லாம் அப்புறம், அதை முதலில் எழுது.

உன்,
தங்கபுஷ்பம்

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
10-9-1946

பிரியமுள்ள புஷ்பத்துக்கு,

கல்யாணத்துக்கு வரமுடியவில்லை, மன்னித்துவிடு. காலேஜில் பரீட்சை.

திறந்தாரடி வாயை! நேற்று முன்தினம் மாதா திருநாள். பூசை முடிந்து நடக்கும்போது, "கிறிஸ்துமஸ் கழியட்டும் ஃப்ளோரன்ஸ், உங்க அப்பாவை வந்து பாக்கறேன். நம்ம கல்யாணத்தைப் பேசி முடிச்சுடலாம்" என்றார். போதுமா?

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணக்கப் போகிறார்கள் என்று சாமியார் மூன்று ஞாயிறு பூசையில் எல்லோர் காதிலும் விழ வாசிப்பார். தடை ஏதாவது தெரிந்தவர்கள் அவரிடம் வந்து சொல்லியே ஆகவேண்டும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவம். எங்கள் முதல் ஓலைக்கு நீ வந்து முன்னால் உட்கார வேண்டும்.

ஒன்று சொன்னால் கோபிக்காதே. உன்னை நினைத்தால் பாவமாக இருக்கிறது. பேசிப் பழகாத ஒருவரோடு எப்படியடி ஒரு வீட்டில் இருப்பது?

உன்,
ஃப்ளோரன்ஸ்

முருகன் துணை

மேற்கு மாம்பலம்,
20-11-1946

அன்புள்ள ஃப்ளோரிக்கு,

என்னைப் பாவம் என்றாயே, அந்தக் கோபத்தில்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

ஆனால் நீ கேட்டதில் தப்பில்லை. இந்த வீட்டுக்குத் தனிக்குடித்தனம் வந்த புதிதில் எங்கள் பேச்செல்லாம் குழம்பில் உப்பு இருக்கிறதா, இல்லையா என்பதோடு சரி. ஒருநாள் அத்தான் பத்திரிகையை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். பொறுக்கமுடியாமல் வாங்கி நான் வாசித்தேன். மறுநாளிலிருந்து கடையிலிருந்து வந்ததும் பத்திரிகையை என் பக்கத்தில் வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

அந்தத் தைரியத்தில், பிரைவேட்டாக மெட்ரிகுலேஷன் எழுதட்டுமா என்று கேட்டேன். ரொம்ப யோசித்துவிட்டு, "படிச்சா யாரு வேண்டாம்னா? அடுப்பு அணையாம இருந்தாச் சரி" என்றார். அடுப்பை நான் பார்த்துக்கொள்வேன். கணக்குக்குப் பயமில்லை, இங்கிலீஷ்தான் மறந்து கிடக்கிறது. உன் பழைய புத்தகங்கள் இருந்தால் எனக்குக் கொடு.

கிறிஸ்துமஸ் வருகிறது. ஓலைக்கு நான் எந்தச் சேலை கட்டட்டும்?

உன்,
தங்கபுஷ்பம்

சாந்தோம்,
13-1-1947

புஷ்பம்,

நேற்று இரண்டாம் பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். ராஜநாயகம் மகன் அல்போன்ஸ், செங்கல்பட்டு சவரிமுத்து மகள் வெரோனிகா.

நான் ஆர்மோனியத்தின் பக்கத்தில் நிற்கிறேன். அவர் எனக்குப் பின்வரிசையில் நிற்கிறார். அடுத்த பாட்டு ஆரம்பித்தது, அவர் பாடினார். நானும் பாடினேன். பாடாவிட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே. பூசை முடிந்ததும் அவர் பக்கவாசல் வழியாகப் போய்விட்டார்.

வீட்டில் கட்டாயப்படுத்தியிருப்பார்கள். மனசில்லாமல்தான் சம்மதித்திருப்பார். எப்படியாவது வந்து சொல்வார் என்று காத்திருக்கிறேன். தலைவலி என்று சொல்லிக் காலேஜுக்குப் போகவில்லை. இனிப் போகவும் பிடிக்கவில்லை. யாரிடமும் மூச்சு விடாதே. இதைக் கிழித்துப் போட்டுவிடு.

ஃப்ளோரன்ஸ்

மேற்கு மாம்பலம்,
21-1-1947

ஃப்ளோரி,

கிழித்துப் போட்டேன். ஆனால் சொல்லிவிட்டேன்.

தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவம் என்று நீதானே எழுதினாய்? எனக்குத் தெரியும். அதனால் சனிக்கிழமை அத்தானை அழைத்துக்கொண்டு சாந்தோம் வந்தேன். "அவளுக்கு வாயில்லியாக்கும்? நீ எதுக்குப் போற?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். ஆனாலும் வந்தார். உள்ளே வரமாட்டேன் என்று வெளியே செருப்புக்குக் காவல் நின்றார்.

"நீ எந்தப் பங்கும்மா? எந்தக் கோயிலு?" என்று சாமியார் கேட்டார்.

"நான் உங்க மதமில்ல சாமி. ஆனா தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு கேள்விப்பட்டேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, உட்காரச் சொன்னார். உன் பேரைக் கேட்டார், சொன்னேன். பாட்டுப் பழக வந்திருந்த அல்போன்ஸைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே விசாரித்தார்.

"வாக்கெல்லாம் ஒண்ணும் குடுக்கல சாமி. சும்மா பேசிப் பழகினோம். இந்தக் காலத்துல எல்லாரும் பழகறதுதானே?" என்றார். தலையைக்கூடக் குனியவில்லை. சாமியார் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

அவரைப் போகச் சொல்லிவிட்டு, "இதை வச்சு ஓலையை நிறுத்த முடியாதும்மா. ஃப்ளோரன்ஸோட அப்பாகிட்ட நான் பேசறேன்" என்றார் சாமியார். விஷயம் உன் அப்பா வரைக்கும் போகும் என்று நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை ஃப்ளோரி.

அல்போன்ஸ் சொன்னதை உன்னிடம் மறைத்திருக்கலாம். மறைத்தால் நீ அவருக்காகக் காத்துக்கொண்டே இருப்பாய். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. காலேஜை மட்டும் விட்டுவிடாதே. போகக் கிடைக்காதவள் சொல்கிறேன்.

தங்கபுஷ்பம்

மேற்கு மாம்பலம்,
16-2-1947

அன்புள்ள ஃப்ளோரிக்கு,

பதில் இல்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். நீ வெளியே போயிருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னார். வாசலில் உன் செருப்பு கிடந்தது. புத்தகம் கேட்க வரவில்லை, உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்.

புஷ்பம்

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
2-3-1947

பிரியமுள்ள புஷ்பத்துக்கு,

செருப்பைப் பார்த்துவிட்டாயா? நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

சாமியார் வந்து சொல்லிவிட்டுப் போன அன்று அம்மா அழுது தீர்த்தாள். அப்பா கையை ஓங்கவில்லை. "அவன்கிட்ட பேசத் தெரிஞ்சுது, என்கிட்ட பேசத் தெரியலியா?" என்று மட்டும் கேட்டார். காலேஜை நிறுத்தவில்லை. ஆனால் டிராம் வரைக்கும் கூடவே வருகிறார், சாயங்காலமும் வந்து நிற்கிறார். கூடப் படிக்கிறவர்கள் வாய்க்குள் சிரிக்கிறார்கள். கோயிலிலும் அரசல்புரசலாகத் தெரிந்துவிட்டது. அதற்காக உன்மேல் வந்த கோபம் இன்னும் முழுக்கத் தீரவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

குழுவில் ஒருவருக்குக் கல்யாணம் என்றால் குழு முழுவதும் சேர்ந்து பாடுவது எங்கள் வழக்கம். அல்போன்ஸ் கல்யாணத்துக்குப் பாட என்னையும் கூப்பிட ஆள் வந்தது. நான் என்ன சொல்வதென்று முழிக்கும்போது, அப்பா வாசலில் போய் நின்று, "என் மக பாடமாட்டா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அன்றுதான் நான் நன்றாக அழுதேன்.

பரீட்சை முடிந்ததும் எனக்கு வரன் பார்க்கப் போகிறாராம். யாராக இருந்தாலும் முதலில் நான் பேசிப் பார்க்க வேண்டும் என்றேன். முறைத்தார். பிறகு, "பேசு. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்" என்றார். நானும் சரி என்றேன்.

அல்போன்ஸ் சொன்னதை நீ மறைத்திருந்தால், கட்டாயத்தால்தான் கட்டிக்கொண்டார் என்று காலமெல்லாம் நம்பிக்கொண்டிருந்திருப்பேன். இந்தக் காலத்தில் எல்லோரும் பழகுவதுதானே என்றாராமே. பழகட்டும். எனக்காக ஒரு கேள்வி கேட்க வந்தவள் நீ ஒருத்திதான் புஷ்பம்.

சனிக்கிழமை புத்தகங்களோடு மாம்பலம் வருகிறேன். அப்பாவும் கூட வருவார், அதற்குத் தப்ப வழியில்லை. உன் அத்தானை வாசலில் அவரோடு உட்காரச் சொல். அத்தானுக்குப் பேச்சு வராது, அப்பாவுக்குப் பேச்சு நிற்காது. இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போகும். நாம் உள்ளே உட்கார்ந்து படிக்கலாம்.

உன்,
ஃப்ளோரி