ஷோகேஸிலிருந்து இறங்கிய ஆலிவ் எண்ணெய்

நவ. 11, செவ்வாய். மூவார்.

காலையிலிருந்து மழை. துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. நேற்றுப் போட்ட சட்டைதான் இன்றைக்கும்.

சாந்தியை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தாச்சு. நெஞ்சில் ஸ்டென்ட் ஒன்று. வார்டு நர்ஸ் மிஸ்ஸி சொன்னது: "அங்கிள், சந்தான் தேங்காப்பாலு, பொரிச்சது எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. ஆலிவ் எண்ணெயில சமைங்க. வெறும் வயித்துல மாத்திரை கொடுத்துடாதீங்க, மயக்கம் வரும்."

இனி சமையல் நான். கல்யாணமாகி முதல் தடவை.

எண்ணெய் வாங்கத் தேவையில்லை. ஷோகேஸில் இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன் நான் ரிட்டயர் ஆனபோது நாற்காலிக் கம்பெனி கொடுத்த ஹாம்பர் கூடையில் வந்தது. பிஸ்கட், மைலோ எல்லாம் தின்று தீர்த்தோம். இதை மட்டும் சாந்தி, மகள் வாங்கிய கோப்பைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள், பார்க்க அழகாக இருக்கிறதென்று. தினம் சாயங்கால வெயில் அதன் மேல்தான். எக்ஸ்ட்ரா வெர்ஜின். ஒசத்தி சரக்கு.

பயத்தங்காய்ப் பிரட்டல், சோறு. மூன்று வாய் தின்றாள்.

"ஒரு மாதிரி வாடை அடிக்குதுங்க."

முகர்ந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் மாதிரி, தின்னப் பிடிக்காதவளுக்கு எண்ணெய் வாடை.

நவ. 12, புதன்.

மழை. அதே சட்டை.

சமையலறை மாதிரி அசிங்கம் பிடித்த இடம் உலகத்தில் கிடையாது. சிங்க் அடைப்பு. உள்ளே கைவிட்டால் வழவழவென்று பழைய சோறும் மீன் செதிலும். கருமம். கையை மூன்று தடவை கழுவியும் பிசுபிசுப்பு போகவில்லை.

முட்டைக்கோஸ். மறுபடி மூன்று வாய், மறுபடி "வாடை". மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தலைசுற்றல். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"சாப்பிடாம மாத்திரை போட்டா திரும்ப அங்கதான் போய்ப் படுக்கணும். தெரியுதா?"

தட்டை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையும் தின்றாள். ஒரு பருக்கை விடவில்லை. கத்தியிருக்க வேண்டாம்.

நவ. 13, வியாழன்.

ரெங்கத்திலிருந்து அண்ணி வந்தார். கையில் ஒரு பாட்டில். எக்ஸ்ட்ரா லைட் ஆலிவ்.

"லைட்டுன்னு போட்டிருக்கு தம்பி. கொழுப்பே கெடையாது. வேணுங்கற மட்டும் பொரிக்கலாம் லா."

உடனே வடை சுட்டார். பன்னிரண்டு. அதில் ஏழு அவரே. உதட்டோரம் எண்ணெய் வழிய, அதைப் புறங்கையால் துடைத்து, அந்தக் கையாலேயே சாந்தியின் கன்னத்தைத் தடவி, "எளைச்சிட்டியே!" கண்றாவி. என் பக்கத்தில் உட்காரவும் இல்லை. நாற்காலியை ஜன்னலோரம் தள்ளிப் போட்டுக்கொண்டு, சேலை முந்தானையால் மூக்கைப் பொத்தியபடியே இருந்தார். பெரிய மகாராணி.

சாந்தி ஒரு வடையை முழுசாகத் தின்றாள். "இதுல வாடை இல்லங்க" என்றாள். பற்றிக்கொண்டு வந்தது.

நவ. 14, வெள்ளி.

மகள் கவிதாவுக்குப் போன். சிங்கப்பூரில் ஹோட்டல் கிச்சன் வேலை. அவளுக்குத் தெரியும். குறித்துக்கொண்டது:

எ.வெ. (எக்ஸ்ட்ரா வெர்ஜின்) - ஆலிவ் காயை அரைத்துப் பிழிந்த சாறு, வேறொன்றும் சேராது. வெந்த காய் மேல் ஊற்ற, மிதமான தீயில் வதக்க. நல்லதாக இருந்தால் லேசாகக் கசக்கும். தொண்டையில் மிளகு மாதிரி எரியும்.

வெறும் ஆலிவ் - சுத்திகரித்ததில் கொஞ்சம் எ.வெ. கலந்தது. தினச் சமையலுக்கு.

லைட் - நிறமும் வாசமும்தான் கம்மி. கொழுப்பு மற்றதில் எவ்வளவோ அவ்வளவுதான். (அண்ணி! ஏழு வடை!)

போமஸ் - பிழிந்த சக்கையில் சால்வென்ட் விட்டு இழுப்பது. முப்பத்தொரு வருடம் ஸ்ப்ரே செக்ஷனில் தின்னரும் வார்னிஷும் அடித்தவனிடம் சொல்கிறாள். சுத்தம் செய்துதான் விற்பார்களாம், பொரிக்க ஆகுமாம். இருந்தாலும் த்தூ.

"நம்மகிட்ட இருக்கறது எக்ஸ்ட்ரா வெர்ஜின்தான்" என்றேன், பெருமையாக.

"தொண்டை எரியுதாப்பா?"

"சேச்சே. வழவழன்னு எறங்குது."

"எப்ப வாங்குனது?"

"வாங்கல. ஷோகேஸ்ல இருந்துச்சே, அது."

"ஞாயித்துக்கெழம வர்றேன். அதுவரைக்கும் அதத் தொடாதீங்கப்பா."

தொட்டேன். இரண்டு நாள் கடையில் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறாளா? அவளுக்கு என்ன தெரியும்.

நவ. 16, ஞாயிறு.

சிங்கப்பூர்ப் பாலத்தில் ஜாமாம். மத்தியானம்தான் வந்தாள். கறுப்பு பாட்டிலில் புது எண்ணெய். முதலில் என்னுடையதைத் திறந்தாள். மூடினாள். முகம் சுருங்கிப் போச்சு.

"ப்பா, இது கெட்டுப் போயி எவ்ளோ நாளோ. வெயில்ல வச்சா அவ்ளோதான். உங்களுக்கு நாறலயா?"

இரண்டையும் என் மூக்கருகில் வைத்தாள். பழையது, புதியது. ஒன்றும் தெரியவில்லை. காப்பித்தூள் டப்பாவைத் திறந்தாள். அந்த வாசமும் தெரியவில்லை. வேலையில் மாஸ்க்கைக் கழுத்தில்தான் மாட்டியிருப்பேன், மூக்கில் இல்லை. பீஸ் கணக்கில் போரோங் செய்பவன் மாதிரி வேகமாக முடிப்பேன் என்று பெயர்.

நெஞ்சு கெட்டவளுக்கு ஆறு நாள் கெட்ட எண்ணெய். மிரட்டி வேறு தின்ன வைத்திருக்கிறேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பு.

"என்னா வாடை அடிச்சுச்சு?" என்று சாந்தியிடம் கேட்டேன்.

"வார்னிஷ். நீங்க வேல முடிஞ்சி வர்றப்ப அடிக்குமே, அதே."

"அப்பறம் எதுக்குத் தின்ன?"

"அத்தன வருஷம் அந்த வாடை பக்கத்துலதான படுத்தேன். செத்தா போயிட்டேன்? உங்க மூக்கு செத்தது எனக்கு எப்பவோ தெரியும். சொன்னா ஒத்துக்குவீங்களா?"

பழைய பாட்டிலைக் கொட்டிக் காலி செய்தேன். இரவுச் சோறு புது எண்ணெயில். எனக்குத் தொண்டை எரிந்தது. அவள் தட்டு காலி.

நவ. 17, திங்கள்.

மழை விட்டது. கவிதா விடியும் முன்பே போய்விட்டாள். பயத்தங்காய்ப் பிரட்டல். இனி எதையும் சாந்தி முகராமல் இறக்குவதில்லை. கரண்டியை அவளிடம் நீட்டினேன். குனிந்து, நன்றாக இழுத்து முகர்ந்தாள்.

"எண்ணெய் நல்லாருக்கு. ஒரு வாரமா அந்தச் சட்டையத்தான் தாங்க முடியல. போயி குளிங்க."