அப்பா கேட்கும் பாட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறீர்கள்? நான் நன்றாக இருக்கிறேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்து வேலையும் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் பேசியபோது பின்னால் ஒரு சினிமாப் பாட்டு ஓடியது. "பக்கத்து வீட்டுல போடுறாங்கம்மா" என்று சொல்லி அவசரமாக அணைத்தீர்கள். தம்பி போனை வாங்கிச் சிரித்தான். "அப்பாதான்க்கா. இப்பல்லாம் நாள் முழுக்க இதேதான். கூடவே பாடவும் செய்றாரு."

நானும் சிரித்துவைத்தேன். வயது ஏற ஏற ரசனை மாறும், அதில் தப்பில்லை. ஆனால் இதே மாதிரிப் பாட்டைப் பாடியதற்குத்தானே, "குடும்பப் பொண்ணு பாடுற பாட்டா இது?" என்று கல்லூரி இசைக்குழுவிலிருந்து என்னை நிறுத்தினீர்கள்? உங்களை நம்பி அந்தப் பாட்டையெல்லாம் மனதார வெறுத்தேன். இன்று விரிப்புகளை மடிக்கும்போது நீங்கள் ரசித்த கீர்த்தனைகள்தான் வாயில் வருகின்றன. போன வாரம் என்னோடு வேலை செய்பவர்கள் சினிமாப் பாட்டு ஒன்று பாடச் சொன்னார்கள். ஒரு வரிகூட வரவில்லை. என்னை இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் அந்தப் பக்கம் போய்விட்டீர்களே, அப்பா.

தம்பியிடம் கம்பளிக் காலுறை அனுப்பச் சொல்லுங்கள், அறையில் தரை சில்லிடுகிறது. வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது. அடுத்த முறை நான் பேசும்போது பாட்டை அணைக்காதீர்கள். யார் வீட்டுப் பாட்டு என்று கேட்கமாட்டேன்.

உங்கள் மகள்