மூடியைத் தூக்கினு போன ஜப்பான்காரன்

786
ராயபுரம்
5-7-1954

பழவேற்காட்டுல மவராணியாட்டம் குந்தினு கீற தங்கச்சி சாபிராவுக்கு, அண்ணன் சௌக்கத் அலி சலாம் சொல்லி எழுதிக்கினது. இங்க நான் சொகம். முட்டி ஒண்டிதான் பேஜாரு பண்ணுது. அங்க உன் சொகத்த நான் கேக்க மாட்டேன். கேட்டாலும் நீ எழுத மாட்டே. பத்து வருஷமா உனக்குக் கார்டு போட்டுப் போட்டு தபால்காரன் எனக்கு தோஸ்தாயிட்டான், அதான் கண்ட பலன்.

இப்ப விசயம் இன்னான்னா, என் பேத்தி ஜெரினா படிக்கிற ஸ்கூல்ல ஐரீன் டீச்சர்னு ஒரு அம்மா. நல்ல மாதிரி, ஆனா சிரிக்கத் தெரியாது. அந்தம்மா புள்ளைங்களாண்ட, "உங்க உங்க வீட்டில் தலைமுறையா இருக்கிற ஒரு பொருளைக் கொண்டு வாங்க. அதோட கதையை எல்லாருக்கும் சொல்லுங்க. நம்ம பேட்டையோட சரித்திரத்தை நாமே சேர்த்து வைக்கலாம்"னு சொல்லிட்டாங்க. அவ்ளோதான், புள்ளைங்க எல்லாம் பரண் மேல ஏறிடுச்சுங்க. செல்லக்கனின்னு காத்திவாக்கத்துப் பொண்ணு, அவ தாத்தன் வலையில கட்டின ஈயக்குண்டு எடுத்தாந்தா. நம்ம பச்சையம்மா மவன், ஜப்பான்காரன் போட்ட குண்டோட துண்டுன்னு ஒரு இரும்பத் தூக்கினு வந்தான். ஹார்பர்ல பாரம் தூக்கற வின்ச்சு ஓட்டினவன் நான், எனக்குத் தெரியாதா? அது கக்கூஸ் பைப்பு. சொல்லல. பையன் மூஞ்சியில அம்மாம் பெருமை.

நம்ம ஜெரினா இன்னா கேட்டா தெரியுமா? நம்ம அத்தாவோட பிரியாணி தேக்சா! இந்தச் சந்துல எந்த நிக்காஹுக்கு அது அடுப்பேறல? எதிர்வூட்டு சொக்கம்மாள் பொண்ணு கல்யாணத்துக்கு அதுலதானே சாம்பார் கொதிச்சுது. மீன் வண்டியில வெச்சுத் தள்ளிக்கினு போனோம். வழியெல்லாம், "இன்னா பாய், யார் வூட்டுல விசேசம்?"னு கேட்டுகினே வந்தானுங்க. "எனக்குத்தான், பொண்ணு ஸ்கூல்ல கீது"ன்னேன்.

டீச்சரம்மா சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "இதோட மூடி எங்க ஐயா?"ன்னாங்க. என் நாக்கு சும்மா இருக்குமா? "ஹார்பர்ல குண்டு வுழுந்துதே, அன்னிக்குக் காணாம பூடுச்சும்மா. ஜப்பான்காரன்தான் தூக்கினு பூட்டான்"னேன். சிரிப்பாங்கன்னு பாத்தா, ஒரு அட்டைய எடுத்து, 'மூடி 1943 ஜப்பானியர் குண்டுவீச்சில் காணாமல் போனது'ன்னு முத்து முத்தா எழுதி, தேக்சா கழுத்துல கட்டிட்டாங்க. ஜெரினாவும் அதயே க்ளாஸ்ல எழுந்து ஜோரா சொல்லிட்டா.

அப்புறம், படகுக்கார ஜெயவேலு பேசின் பிரிட்ஜாண்ட என்னப் பாத்துச் சொன்னான். உன் பொண்ணு ஷம்ஷாத்துக்கு மாப்ள அமைஞ்சுடுச்சாமே. தாய்மாமன்னு ஒருத்தன் உசுரோட கீறான், அவன் இத ஒரு படகுக்காரன் சொல்லித் தெரிஞ்சுக்கணும்.

மூடிய ஒரு மாசத்துக்கு ஜெயவேலு கிட்ட குடுத்தனுப்பு. தலையில்லாத முண்டமாட்டம் நிக்குது தேக்சா.

இப்படிக்கு
நீ மறந்துபோன அண்ணன்
சௌக்கத் அலி


786
பழவேற்காடு
14-7-1954

அண்ணன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு யாவரும் நலம்.

நான் ஜப்பான்காரனா?

குண்டு வுழுந்து ஒரு வருஷம் கழிச்சுத்தான் அத்தா மவுத்தானாங்க. நாப்பதாம் நாள் பாத்தியா ஓதின அன்னிக்குக் கூடம் நெறைய சனம். என் மாமியா, நாத்தனாருங்க எல்லாம் இங்கேர்ந்து வந்திருந்தாங்க. சாமான் பங்கு வெக்கிறப்ப, "அத்தா தேக்சா யாருக்கு?"ன்னு நான் கேட்டேன். நீ நடுக்கூடத்துல எழுந்து நின்னு, "மார்க்கத்துல இன்னா சொல்லிகீது? ஆணுக்கு ரெண்டு பங்கு, பொண்ணுக்கு ஒரு பங்கு. தேக்சா எனக்கு, மூடி அவளுக்கு"ன்னே. அத்தினி பேரும் சிரிச்சாங்க. என் மாமியாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு சிரிச்சு.

நீ வெளையாட்டுக்குச் சொன்னேன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் மூடிய எடுத்துகினு படகு ஏறினேன். அன்னியிலேர்ந்து இந்த ஊர்ல எனக்கு மூடிக்காரின்னு பேரு. கெணத்தடியிலயும் அதான், கடைத்தெருவுலயும் அதான்.

ஷம்ஷாத் நிக்காஹ் ஆகஸ்டு 26, மொகரம் பொறக்கறதுக்கு முன்னாடி. உனக்குச் சொல்லாதது மூடிக்காக இல்ல. மாப்ள வூட்டாளுங்க முன்னாடி பந்தல்ல நீ எழுந்து இன்னா சொல்வியோன்னு பயம். என் பொண்ணுக்கும் ஒரு பட்டப்பேரு வெச்சு அனுப்ப எனக்கு இஷ்டம் இல்ல.

அந்த அட்டைய மாத்து. அத்தாவுக்கு சாபிரான்னு ஒரு பொண்ணு, மூடி அவகிட்ட கீதுன்னு எழுதச் சொல்லு. நாளைக்கு அந்தப் புள்ளைங்க எல்லாம் அதத்தானே நெசம்னு சொல்லிகினு திரியும்? மாத்திட்டு எழுது. மாத்தலன்னா எழுதாத.

சாபிரா பீவி


786
ராயபுரம்
23-7-1954

கோவக்காரத் தங்கச்சிக்கு,

பத்து வருஷத்துல மொத லெட்டர். தபால்காரன் கையில குடுத்துட்டு, "பாய், நீங்க ஒக்காந்து படிங்க"ன்னான்.

ஸ்கூலுக்குப் போனேன். "டீச்சரம்மா, அட்டைய மாத்தணும். மூடிய எடுத்துகினு போனது ஜப்பான்காரன் இல்ல, என் தங்கச்சி"ன்னேன். அந்தம்மா கண்ணாடியக் கழட்டி வெச்சாங்க.

"அன்னைக்கு ஜப்பான்காரன்னீங்க. இன்னைக்குத் தங்கச்சிங்கறீங்க. நாளைக்கு யாரு ஐயா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. அவன் மேலேர்ந்து குண்டு போடுவான், இவ படகுல வந்து போடுவா"ன்னேன்.

சொல்லியிருக்கக் கூடாது. எனக்கும் தெரியுது. ஆனா வாயி என்னிக்கு என் பேச்சக் கேட்டுது? அந்தம்மா சிரிக்கல. "இது பிள்ளைகளோட உழைப்பு. உங்க வார்த்தையை வச்சு இனிமே ஒரு எழுத்து எழுத மாட்டேன். மூடியைக் கண்ணால பார்த்தா மாத்தறேன்"ன்னு சொல்லிட்டாங்க.

வெளிய வந்தா ஜெரினா நிக்கறா. "தாத்தா, நான் க்ளாஸ்ல சொன்னது பொய்யா?"ன்னா. "பொய் இல்ல கண்ணு, கத"ன்னேன். பச்சையம்மா மவன் அத வெச்சே அவள ஓட்டறானாம். மூணு நாளா என்னோட டூ. நாஸ்தா தட்ட என் முன்னாடி நொட்டுனு வெச்சுட்டுப் போறா. அப்பிடியே நீதான். அந்த மூக்கு உட்பட.

பந்தல்ல நான் வாயத் தொறக்க மாட்டேன். வேணும்னா காலைலயே வெத்தலய ரொப்பிகினு, சாப்பாடு போடற வரைக்கும் துப்பாம குந்தியிருக்கேன். மூடிய அனுப்பு சாபிரா.

சௌக்கத் அலி


786
பழவேற்காடு
6-8-1954

அண்ணன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மூடிய அனுப்பல. நானே எடுத்துகினு வந்தேன். புதன்கெழம ஜெயவேலு படகுல சிப்பி மூட்டைங்க மேல குந்திகினு வந்து, தண்டையார்பேட்டையில எறங்கி ரிக்‌ஷா வெச்சு நேரா ஸ்கூலுக்குப் போனேன்.

டீச்சரம்மா என்னப் புள்ளைங்க முன்னாடி நிக்க வெச்சு, "நீங்களே சொல்லுங்க"ன்னாங்க. அன்னிக்குக் கூடத்துல நின்ன மாரியே இருந்துச்சு. நீ சொன்னதச் சொன்னேன், நான் எடுத்துகினு போனதச் சொன்னேன். பச்சையம்மா மவனாமே, அவன் எழுந்து, "அப்போ நீங்கதான் அந்த ஜப்பான்காரனா?"ன்னான். க்ளாசே சிரிச்சுது. நானும் சிரிச்சுட்டேன். இன்னாத்துக்குச் சிரிச்சேன்னு படகுல திரும்பி வர்றப்ப யோசிச்சேன், தெரியல.

செல்லக்கனின்னு ஒரு பொண்ணு, "இத்தினி வருசமா மூடி இல்லாம எப்பிடி தம் போட்டாங்கோ?"ன்னு கேட்டுது. எனக்குத் தெரியாது. ஜெரினா சொன்னா, நீ ஹார்பர் தகரத்த வெச்சு, சுத்தி மாவு பெசைஞ்சு அடைப்பியாம். தெருவுல புது மூடி வாங்கலாம்னு எத்தினி பேரு சொல்லியும் நீ வாங்க வுடலியாம். எனக்கு இது தெரியாது.

மூடிய வெச்சுப் பாத்தா ஒக்காரல. தேக்சா வெளிம்பு ஒரு பக்கம் நசுங்கி கீது. பாத்திரத்த இப்பிடியா வெச்சுப்பே? டீச்சரம்மா ரெண்டாவது அட்டை எழுதிக் கட்டினாங்க. என் பேரு, அத்தா பேரு, ஊரு எல்லாம் கீது. ஜெரினாவ நாலு வாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

உன் வூட்டுக்கு வரல. கல்மண்டபத்தாண்ட டீக்கடையில நீ யாரையோ கலாய்ச்சுகினு நின்னே. ரிக்‌ஷாவுலேர்ந்து பாத்தேன். ரொம்ப எளைச்சுட்டே. கொரலு ஒண்டிதான் அப்பிடியே கீது.

பக்ரீத் கழிச்சு அந்தப் புள்ளைங்க சாமானெல்லாம் திருப்பிக் குடுக்கறாங்களாம். வெளிம்ப நிமித்தி, ஈயம் பூசி, தேக்சாவையும் மூடியையும் ஜெயவேலு படகுல ஏத்து. தாத்தா தேக்சாவுலதான் ஆக்கணும்னு ஷம்ஷாத் ஒத்தக் கால்ல நிக்கறா. நான் பாத்திரத்தத்தான் கேக்கறேன். வேற யாரையும் கூப்பிட்டு இந்த லெட்டர் எழுதல.

சாபிரா


786
ராயபுரம்
22-8-1954

தங்கச்சி சாபிராவுக்கு,

நீ சொன்னபடி வண்ணாரப்பேட்டையில குடுத்து வெளிம்பத் தட்டி நிமித்தியாச்சு. ஈயம் பூசி, உள்ள பாத்தா மூஞ்சி தெரியுது. என் மூஞ்சிதான், அத்தொட்டு ரொம்ப நேரம் பாக்கல. மூடி 'டக்'குனு ஒக்காந்துச்சு. ஜெரினா தட்டிப் பாத்துட்டு, "சரியா கீது தாத்தா"ன்னா. டூ வுட்டப்புறம் என்னாண்ட பேசின மொதப் பேச்சு அது.

டீச்சரம்மா தேக்சாவ ஸ்கூலுக்கே குடுத்துடச் சொல்லிக் கேட்டாங்க. "வேலையில கீற பாத்திரம்மா, ரிட்டேர் ஆவட்டும்"னேன். அந்தம்மா சிரிச்சுட்டாங்க! மெய்யாலுமே. பல்லு வரிசையா அழகா கீது.

ஜெயவேலு ஒரு பேஜாரு பண்றான். "பாய், இம்மாம் பெரிய சாமான நான் ஒண்டியாளா காவல் காக்க முடியாது, கூட ஒரு ஆளு வரணும்"ங்கறான். நான் சொல்லிக் குடுத்து அவன் சொல்றான்னு நெனைக்காத. நெனைச்சாலும் தப்பில்ல. நாளன்னிக்கு விடிகாலைல ஏறறோம், நானும் ஜெரினாவும். நீ வேணாம்னு பதில் எழுதினா இங்க வாங்கறதுக்கு ஆள் இருக்காது.

நீ கூப்பிடல, ஒத்துக்கறேன். நான் விருந்தாளியா வரல, சாமானோட சாமானா வரேன். பந்தல்ல எடம் இல்லாட்டி தேக்சாவுக்குள்ளயே குந்திக்கறேன். மேல மூடிய ஒண்டி போட்டுடாத.

அண்ணன்
சௌக்கத் அலி