பின் இருக்கையில் உன் அப்பா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. எனக்கும் உன் அப்பாவுக்கும் எலும்பு எதுவும் முறியவில்லை. இதை முதலிலேயே எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி. மாப்பிள்ளை நலமா? சின்னவளுக்கு இருமல் விட்டதா? மூக்கைப் பிடித்து மருந்து கொடுக்காதே. உனக்கு அப்படிக் கொடுத்துத்தான் நீ இன்றைக்கும் மாத்திரையைக் கண்டால் ஓடுகிறாய்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே "அம்மா, உனக்கென்ன பைத்தியமா" என்று ஆரம்பிப்பாய். நான் எகிறுவேன், நீ அழுவாய், மாப்பிள்ளை போனை வாங்கி "அத்தை, சாப்பிட்டீங்களா" என்று பேச்சை மாற்றுவார். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

போன தடவை நீ வந்தபோது அப்பா இருந்த இருப்பைப் பார்த்தாய். கண் முழுதாகப் போன பிறகு அவர் நாற்காலியை விட்டு நகரவில்லை. ரேடியோவைக்கூட நான்தான் போட வேண்டும், நான்தான் அணைக்க வேண்டும். ஆற்றில் நீர்மட்டம் அளக்கும் வேலையில் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றிய மனிதர், கூடத்திலிருந்து சமையலறைக்கு வர என் தோளைத் தேடினார். "உங்க ரெண்டு பேரையும் இப்படி விட்டுட்டு என்னால அங்க தூங்க முடியலம்மா" என்று சொல்லி உன் வீட்டில் ஓர் அறையை ஒழித்துவைத்தாய். அடுத்த மாதக் கடைசிக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெட்டும் எடுத்தாய். அப்பா "சரிம்மா" என்றார். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். எனக்கு அந்தச் சரி சம்மதமாகப் படவில்லை. எதற்கும் ஒரு மறுப்பாவது சொல்லாமல் உன் அப்பா சரி என்று சொன்னதே கிடையாது.

நீ கிளம்பிப் போன பிறகு, அப்பா இருந்த சைக்கிள் கிளப்பின் மெக்கானிக் கடைக்குப் போனேன். அப்பாவின் பழைய சைக்கிளை விற்றுவிடலாம் என்று கேட்கத்தான் போனேன். அங்கே மூலையில் இரண்டு பேர் மிதிக்கும் நீளச் சைக்கிள் ஒன்று தூசி படிந்து நின்றது. முன்னால் இருப்பவர் கைப்பிடி, பிரேக், கியர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். பின்னால் இருப்பவர் மிதித்தால் போதும். விற்க வந்ததை மறந்துவிட்டு அதை இரவல் கேட்டேன். "டீச்சரம்மா, கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிறது வேற, இது வேற" என்றார் மெக்கானிக். அதையும்தான் கத்துக்கொடுங்களேன் என்றேன்.

எங்கள் டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில், மாணவர்கள் வருவதற்கு முன்னால், மெக்கானிக்கைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிப் பழகினேன். விழுந்தேன், அவரும் சேர்ந்து விழுந்தார். வளைவுக்காக நான் வரிசையாக நட்டுவைக்கும் கம்புகளை ஒன்று விடாமல் நானே சாய்த்தேன். ஊர்ப் பிள்ளைகளை இத்தனை வருஷமாக நான் திட்டிய திட்டையெல்லாம் மெக்கானிக் எனக்குத் திருப்பிக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது.

வாங்க, ஏறுங்க என்றால் அப்பா வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைக் கொண்டுவந்து கூடத்தில், அவர் கை போகும் இடத்தில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் மிதி சுற்றும் சத்தம் கேட்டது. அப்புறம், "செயின் இவ்வளவு தொய்வா இருக்கு. யாரு பாத்தது இதை?" என்று ஒரு அதட்டல். கண் போன பிறகு அவர் முதல் தடவையாகக் கோபப்பட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. போய் ஸ்பேனரை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

மறுநாளே ஏறிவிட்டார் என்று நினைக்காதே. ஒரு வாரம் அடம் பிடித்தார். ஏறிய பிறகு பிடித்த முயலுக்கு மூன்றே கால். குழி வந்தால் குழி, மேடு வந்தால் மேடு, கியர் மாற்றினால் கியர் என்று நான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நான் சொல்வது எப்போதும் தாமதமாம். "நீ குழின்னு சொல்றதுக்குள்ள என் இடுப்புக்குத் தெரிஞ்சிடுது" என்பார். காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும், எவன் எப்படி ஓட்டினாலும் நான் மிதித்து நிறுத்துவேன். இங்கே பின் இருக்கையில் பிரேக் கிடையாது. இத்தனை வருஷத்தில் உன் அப்பா வாயை மட்டும் வைத்துக்கொண்டு என்னை நம்பி உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிளப்பின் வருடாந்தரப் பயணத்துக்கு எங்கள் பெயரையும் கொடுத்தேன். ஆற்றை ஒட்டியே பள்ளத்தாக்கில் போய், கடைசியில் மலை ஏறிக் கணவாய் உச்சியில் முடியும் அதே பாதை. மதியம் ஆனதும் உச்சியில் குறுக்கே கயிறு கட்டிவிடுவார்கள். அதற்குள் வராதவர்களை வேன் ஏற்றிக்கொள்ளும். உனக்குத் தெரியும், அப்பா அந்தப் பயணத்தில் எப்போதும் கடைசி ஆள். முடியாதவர்களைத் தேற்றிக் கூட்டிவர ஒருவர் கடைசியாக வர வேண்டும், அந்த வேலையை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். உச்சியில் இருப்பவர்கள் அவருக்கு 'முடிவுரை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "முடிவுரை வந்தாச்சா?" என்று கேட்டுத்தான் பந்தலைப் பிரிப்பார்கள். அத்தனை வருஷமும் அவர் யாரையும் முந்தியதில்லை. இந்த வருஷம் அந்த வேலையைப் பல் டாக்டர் ஏற்றுக்கொண்டார். என் மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கயிறு கட்டுவதற்குள் அவரை உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், அவர் உன் வீட்டு அறைக்கு அடங்கிப் போகமாட்டார். வேனில் ஏறினால் அந்தச் "சரிம்மா"தான் மிச்சம்.

காலையில் கிளம்பினோம். முதல் பாதி அப்பா வாயே மூடவில்லை. ஆறு இடது பக்கம் அகலமாகச் சலசலத்தால், இங்கேதான் ரெண்டாவது அளவுகோல் நட்டிருக்கும், பார் என்பார். பார்த்தால் இருக்கும். தோப்புகள் முடிந்து பாறை நெருங்கியதும் காற்று எதிரே அடித்தது. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் போய்விட்டார்கள். பழைய பாலத்துக்குப் பக்கத்தில் வந்தபோது அப்பா என் முதுகைத் தட்டினார். "பின்னால ஒரு செயின் கீச்சுகீச்சுன்னு கேக்குது. யாரோ கஷ்டப்படறாங்க, நிறுத்து" என்றார். இந்த வருஷம் அது நம் வேலை இல்லை என்றேன். "ஆளை விட்டுட்டு எப்படிப் போறது?" என்றார். நிறுத்தினேன்.

யாரும் வரவில்லை. கீச்சுச் சத்தமும் நின்றுவிட்டது. பாவம், இறங்கி நடக்கிறார் போல என்று காத்திருந்தோம். அப்பா தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். நேரம் ஓடுகிறது, எனக்கு நெருப்பில் நிற்பது போல இருந்தது. பொறுக்க மாட்டாமல் சைக்கிளை அவரிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு வளைவுக்குப் பின்னால் நடந்து போய்ப் பார்த்தேன். அங்கே பல் டாக்டர் ஒரு பாறையில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். ஏன் நிற்கிறீர்கள் என்றேன். "நீங்க நின்னீங்களே. நீங்க கிளம்பினாத்தானே நான் கிளம்ப முடியும்? கடைசியா வர்றவங்க கண்ணுல படாம ஒரு வளைவு பின்னாலயே வரணும். சார் போட்ட சட்டம்தானே?" என்றார். அப்பா போட்ட சட்டமேதான். பின்னால் ஒருவன் காத்திருக்கிறான் என்று தெரிந்தால் மிதிக்கிறவனுக்குக் கால் வராது என்பார். அவருக்காக நாங்களும் எங்களுக்காக அவரும் ஆளுக்கொரு பக்கம் காத்துக் கிடந்திருக்கிறோம். நான் சிரித்துச் சிரித்து அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்து சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. "அப்போ அவன் பின்தொடர்ந்து வர்ற ஆளு நான்தானா" என்றார். முகம் செத்துப்போயிற்று. பாட்டிலை மெதுவாக அதன் இடத்தில் செருகினார். வேனைக் கூப்பிடு, உனக்கும் கால் வலிக்கும் என்றார். வீட்டில் கேட்ட அதே குரல். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. நடுரோடு என்றும் பார்க்கவில்லை. ஊரில் உள்ள சோனிகளையெல்லாம் கெஞ்சிக் கொஞ்சி மலை ஏற்றினீர்களே, யாரையாவது வேனில் போ என்று சொன்னதுண்டா, கட்டின பெண்டாட்டி என்றால் இளப்பமா என்று கேட்டேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு நான் வேனில் ஏறமாட்டேன், நீங்கள் வேண்டுமானால் ஏறுங்கள், பின் இருக்கை காலியாகவே வரட்டும் என்றேன். அவர் இருக்கையைத் தடவிப் பிடித்தார். அப்புறம் மிதியைக் காலால் துழாவிச் சரியான இடத்தில் வைத்துவிட்டு, "பாலம் தாண்டினா இறக்கம். பிரேக்கைத் தொடாதே" என்றார்.

தொடவில்லை, மகளே. காரில் யாராவது அந்த வேகத்தில் போயிருந்தால் லைசென்ஸ் வாங்கவே விட்டிருக்கமாட்டேன். இரண்டு ஆள் கனம், ஒரே வண்டி, இறக்கத்தில் அதற்கு இணையே இல்லை. ஆறு பக்கத்தில் இரைந்துகொண்டு ஓட, எங்களை முந்திப் போனவர்களை ஒவ்வொருவராக முந்தினோம். ஒவ்வொருவரையும் தாண்டும்போது "யாரு அது?" என்று அப்பா கேட்பார். பேக்கரிக்காரர் என்றால் ஒரு சிரிப்பு. வக்கீல் என்றால் அதைவிடப் பெரிய சிரிப்பு. எத்தனை வருஷமாகத் தள்ளிக்கொண்டு வந்த ஆட்கள்.

மலை தொடங்கியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏற்றத்தில் அந்தக் கனமே எமன். முந்தியவர்களில் பாதிப் பேர் திரும்ப எங்களை முந்தினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அப்பா சொல்லிச் சொல்லித்தான் ஏறினேன். உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கமாக எடு, இங்கே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள், அடுத்தது நீளம் என்று ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம். வளைவு எங்கே வருகிறது என்பதை நான் சொல்வேன், அதை என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் சொல்வார். ஓரிடத்தில் என் தொடை இழுத்துக்கொண்டது. இனி முடியாது என்று சொல்ல வாய் திறந்தேன். அந்த நேரத்தில் சைக்கிள் தானாக ஏறுவது போல இருந்தது. அப்பா எனக்கும் சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் உச்சிக்கு வந்தபோது கயிற்றுச் சுருளைப் பிரித்துக் கையில் எடுத்துவிட்டார்கள், ஆனால் இன்னும் கட்டவில்லை. உள்ளே போய்விட்டோம். எங்களுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அங்கே ஒரே கைதட்டல். அப்பா கடைசியாக வந்த வருஷங்களிலெல்லாம் தட்டுகிறவர்கள் கலைந்து போயிருப்பார்கள், அவர் அதைக் கேட்டதே இல்லை. என் காதருகில் குனிந்து, "யாருக்கும்மா தட்டுறாங்க?" என்று கேட்டார். நமக்குத்தான் என்றேன். அவர் இறங்காமல் அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பந்தலுக்குப் பொறுப்பான பால்காரர் ஓடிவந்து, "முடிவுரை இவ்வளவு சீக்கிரம் வந்துட்டா நான் பந்தலை எப்போ பிரிக்கிறது?" என்றார். அப்பாவுக்குக் கண்ணீர் வந்தது. எனக்கும்தான். வெட்கமாகவே இல்லை.

மூன்று நாளாக எங்கள் இருவருக்கும் மாடிப்படி ஏற முடியவில்லை. அடுப்படிக் குழாய் மறுபடியும் ஒழுகியது, அப்பா தடவித் தடவி வாஷரை மாற்றிவிட்டார். கண் மருந்து தவறாமல் விடுகிறேன், இனிப் பார்வைக்காக இல்லை, வலி வராமல் இருக்க என்று டாக்டர் சொன்னார். ரேடியோ காலையிலிருந்து அலறுகிறது, யார் போட்டது என்று நீயே புரிந்துகொள்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு, கண்ணு. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ சொன்னதில் நியாயம் இருந்தது. நாற்காலியில் கிடந்த அந்த மனிதரைப் பார்த்துவிட்டு எந்த மகளும் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆனால் நீ அழைத்துப்போக நினைத்த அந்த ஆள் இப்போது இந்த வீட்டில் இல்லை. இருப்பவர் காலையிலிருந்து என்னோடு சண்டை போடுகிறார்.

எங்களால் முடியாத ஒரு நாள் வரும், எனக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்கு வீம்பு பிடிக்காமல் நானே உன்னைக் கூப்பிடுவேன், இது அம்மா கொடுக்கும் வாக்கு. அதுவரை நீ எங்களைக் கூட்டிப்போக வராதே, பார்க்க வா. மாப்பிள்ளையோடும் குழந்தைகளோடும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு. இன்றைக்கு ராத்திரியாவது கண்ணை மூடித் தூங்கு, மகளே.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா