நாற்பத்தைந்து என்று சொன்னேன்

ஜூன் 3, இரவு

அன்புள்ள அக்கா,

இதைப் பிரிக்கும் முன் கையிலிருக்கும் தூளைத் தட்டிக்கொள். சென்ற முறை நீ எழுதிய தாள் முழுக்க மரத்தூள். நாற்காலிக் கம்பெனியே உறைக்குள் ஏறி வந்துவிட்டது என்று அம்மா சொன்னாள்.

அம்மா இரவுப் பணிக்குப் போய்விட்டாள். அப்பா தூங்குகிறார். நான் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவர் எழுந்து வந்தால் கணக்கு நோட்டை முகத்தின் மேல் போட்டுக்கொள்வதாக உத்தேசம். கணக்குப் படித்தபடியே நான் தூங்கிவிட்டேன் என்றால் அவர் உடனே நம்புவார்.

நேற்று சாப்பிடும்போது உன் கடிதத்தை அம்மா உரக்கப் படித்தாள். ஜூலை ஒன்றாம் தேதி மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறாய், உன் கருவிப் பெட்டி இனி வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாயே, அது. அப்பா தண்ணீர் குடித்தார். குடித்து முடித்த பிறகும் டம்ளர் வாயிலேயே இருந்தது.

"யாருக்குங்க கொடுக்கறது?" என்று அம்மா கேட்டாள்.

"பெட்டி சோறா கேக்குது? கிடக்கட்டும்" என்றார்.

கிட்டார்ப் பட்டறையில் இப்போது அவர் தனி ஆள். முன்பு அவர் பக்கங்களை வளைப்பார், நீ உள்பட்டி ஒட்டுவாய். இப்போது இரண்டும் அவரே. முன்பு ஒரு கிட்டார் முடிகிற நாட்களில் இப்போது அரைக் கிட்டார்தான் முடிகிறது. அரைக் கிட்டாரை யார் வாங்குவார்கள்?

வகுப்பில் ஒருத்தி கிட்டாருக்குள்ளே என்ன இருக்கும் என்று கேட்டாள். இன்னொருத்தி "காத்து" என்றாள். நான் கரும்பலகையில் படமே போட்டுவிட்டேன். மேல்பலகை மூன்று மில்லிமீட்டர்கூடக் கிடையாது, கம்பிகள் இழுக்கிற இழுப்பில் அது மடங்கிப் போகாமல் இருக்க உள்பக்கம் விசிறி மாதிரி பட்டிகள் ஒட்டியிருக்கும், கனம் கூடினால் ஊமை, குறைந்தால் உடைசல் என்று சொன்னேன். வாத்தியார் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "இந்தத் தெளிவு கணக்குல எங்கம்மா போகுது?" என்றார்.

நீ ஒட்டிய அந்தக் கிட்டார் சுவரில்தான் தொங்குகிறது. விரிசல் தெரியாதபடி அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறார்.

அக்கா, கையெழுத்தை உடனே போட்டுவிடாதே. ஏன் என்று இப்போது கேட்காதே. பதிலை வீட்டுக்குப் போடாமல் பள்ளி நூலக அம்மா பெயருக்குப் போடு. பட்டறை போனைப் பற்றி உனக்கே தெரியும், அது அப்பா இடுப்பிலேயே குடியிருக்கிறது.

உன்,
சில்லு

---

ஜூன் 8

அடி சில்லு,

நீ கை காட்டினால் நிற்க நான் என்ன பஸ்ஸா? "போடாதே, ஏன் என்று கேட்காதே" என்றால் எப்படி? தேர்வை விட்டுவிட்டு என் கையெழுத்தைப் பற்றி உனக்கு என்ன கவலை?

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். விடுதி அறையில் நாங்கள் மூன்று பேர், ஜன்னல் ஒன்று. ஜன்னலோரக் கட்டிலை வாரம் ஒருத்தியாக மாற்றிக்கொள்கிறோம். வேலை எளிது. நாற்காலிக் கால்களை இயந்திரம் கடைந்து அனுப்பும், நான் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன். ஒரு நாளைக்கு இருநூறு கால். நாற்காலி பாடாது. உட்காருகிறவர்களும் பாட்டை எதிர்பார்ப்பதில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி.

பசைப் பகுதியில் ஆள் குறைவாக இருக்கிறது, வருகிறாயா என்று மேற்பார்வையாளர் நாலு மாதமாகக் கேட்கிறார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கிட்டார் பிளந்து திரும்பி வந்த அன்று அப்பா சொன்னதைக் கேட்டு முதலில் கோபம்தான் வந்தது. "பசை வைக்கத் தெரியாத கை, நல்ல மரத்தை நாசம் பண்ணிட்டே." எட்டு மாதம் தினமும் அதை யோசித்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் முறைப்படிதான் செய்தேன். ஆனாலும் பிளந்துவிட்டது. அப்படியானால் கையில்தானே கோளாறு? ஒப்புக்கொண்ட பிறகு தூக்கம் வருகிறது.

படிவத்தைக்கூட மேற்பார்வையாளரே நிரப்பி வைத்துவிட்டார். என் பெயரில் ஓர் எழுத்துதான் தப்பு.

பெட்டியை அம்மா கொடுக்கத் தயங்கினால் நீயே எடுத்து உன் பள்ளித் தச்சு வகுப்புக்குக் கொடுத்துவிடு. இழைப்புளியை மட்டும் தண்ணீர் படாமல் துடைத்துக் கொடு.

அன்புடன்,
அக்கா

---

ஜூன் 12, இரவு

அன்புள்ள அக்கா,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. டார்ச் வெளிச்சத்தில் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் கையில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு என்னிடம்.

அந்தக் கிட்டாருக்கு நீ உள்பட்டி ஒட்டிய நாள் நினைவிருக்கிறதா? முந்தின நாள் மழை. நான் பள்ளியிலிருந்து தொப்பலாக வந்தேன். இன்னொரு சீருடையும் துவைத்துக் காயாமல் கிடந்தது. மறுநாள் ஆய்வாளர் வருகிறார் என்று எங்களை மிரட்டியிருந்தார்கள். வீட்டில் எங்கே போட்டாலும் காயாது. ஒரே ஓர் அறைதான் எப்போதும் கதகதப்பாக இருக்கும், ஹீட்டர் ஓடும் உங்கள் பசை அறை.

அதற்குள் ஈரத்துணி கொண்டுபோகக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். குடையைக்கூட வெளியே வைக்கச் சொல்லும் அறை அது. இருந்தும் எல்லோரும் படுத்த பிறகு கொடி கட்டினேன். இரண்டு பாவாடை, இரண்டு சட்டை, இரண்டு ஜோடி சாக்ஸ். கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். உன் மேல்பலகை இரவு முழுக்க அந்தத் துணிகளுக்குக் கீழேயே கிடந்தது.

காலையில் நீ எழுவதற்குள் எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துவிட்டேன். கதவுக்குப் பின்னால் இருக்கும் ஈரமானியைப் பார்த்தேன். அறுபத்தொன்று. காற்றில் ஈரம் நாற்பத்தைந்துக்கு மேலே போனால் ஒட்டக் கூடாது.

நீ அடுப்பில் வஜ்ஜிரப் பசையைக் கிண்டிக்கொண்டிருந்தாய். பசை உருகி வந்துவிட்டது, விட்டால் இறுகிவிடும். அங்கிருந்தே கேட்டாய்: "எவ்வளவுடி இருக்கு?"

நான் "நாப்பத்தஞ்சு" என்றேன்.

நீ அதை நோட்டில் எழுதிவிட்டு ஒட்டப் போனாய். என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது, அக்கா. தினமும் நாற்பத்தைந்துதானே சொல்கிறோம், இன்றும் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். மதியத்துக்குள் அறை காய்ந்துவிடும், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அறை காய்ந்தது. ஆனால் நீ ஒட்டியது, ஈரம் குடித்து அகன்ற பலகையின் மேல். அந்த அகலத்திலேயே பட்டிகள் அதைப் பிடித்துக்கொண்டன. பிறகு வாங்கியவர் வறண்ட ஊருக்குக் கொண்டுபோனதும் பலகை சுருங்கப் பார்த்திருக்கிறது. பட்டிகள் விடவில்லை. அது வேறு என்ன செய்யும்?

கிட்டார் திரும்பி வந்த அன்றுதான் எனக்கு இது உறைத்தது. அப்பா உன்னைத் திட்டும்போது நான் வாசற்படியில் நின்றிருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா இன்னும் சத்தமாகக் கத்தினார். மூடிக்கொண்டேன். நீ பையை எடுத்துக்கொண்டு போகும்போதுகூட, "சாயங்காலம் சொல்லிக்கலாம்" என்று நினைத்தேன். அந்தச் சாயங்காலம் எட்டு மாதம் ஆகிவிட்டது.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. அப்பாவிடம் எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. நீ இனிமேல் என்னோடு பேச மாட்டாய் என்பதுதான் அதைவிடப் பெரிய பயம். ஆனால் ஒன்று மட்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும்: நீ ஒட்டினால் அது ஒட்டினதுதான். இதை நீ என்னிடமிருந்து கேட்க விரும்பாவிட்டாலும் நான் எழுதுவேன்.

கையெழுத்துப் போடாதே அக்கா.

சில்லு

---

ஜூன் 23, இரவு

அக்காவுக்கு,

தினமும் நூலகத்துக்குப் போகிறேன். நூலக அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். சும்மா வரக் கூச்சமாக இருப்பதால் ஒவ்வொரு நாளும் ஒரு புத்தகம் எடுத்து வருகிறேன். தேனீ வளர்ப்பு பற்றி இப்போது எனக்கு நிறையத் தெரியும்.

நீ எழுத வேண்டாம். படித்தால் போதும். இன்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

நேரம் பார்த்துத்தான் சொன்னேன். அவர் பக்கப் பலகையை வளைத்துக்கொண்டிருந்தார். சூடான குழாயின் மேல் பலகையை அழுத்தும்போது இரண்டு கையையும் எடுக்க முடியாது. அடிக்க நினைத்தாலும் பலகையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அப்பா பலகையை விட மாட்டார்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. கைதான் காலி இல்ல, காது காலியாத்தான் இருக்கு."

மழையிலிருந்து தொடங்கிச் சொன்னேன். சாக்ஸைக்கூட விடவில்லை. அவர் திரும்பவேயில்லை. பலகையில் தெளித்த தண்ணீர் குழாயில் பட்டுச் சீறிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு இருந்துச்சு?"

"அறுபத்தொண்ணு."

"அவ கேட்டா, நீ நாப்பத்தஞ்சுன்னே."

"ஆமாப்பா."

"நான் அவளைப் பேசினப்ப நீ எங்க இருந்தே?"

"இங்கதான். வாசப்படில."

கருகல் வாசனை வந்தது. பலகையை ஒரே இடத்தில் வைத்தபடி நின்றுவிட்டார். உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துவிட்டது. அப்பா பலகையைக் கருக்கி நான் பார்த்ததே இல்லை. அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "இது போச்சு" என்று ஓரமாக வைத்தார். நான் ஓடவில்லை.

அவர் என் பக்கம் வரவில்லை. சுவருக்குப் போய் உன் கிட்டாரை இறக்கினார். கம்பிகளைக் கழற்றினார். அம்மாவின் கைக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி ஒலித்துளைக்குள் விட்டார், என்னை டார்ச் பிடிக்கச் சொன்னார். பிறகு ஒரு மெல்லிய தாளைக் கத்தரித்து, கையை உள்ளே விட்டு, ஒவ்வொரு பட்டியின் ஓரத்திலும் செருகிப் பார்த்தார். பசை விட்டிருந்தால் தாள் உள்ளே போகும். ஏழு பட்டி, இரண்டு பக்கம். விரிசலுக்கு நேர் கீழே இருக்கும் பட்டியில் மட்டும் மூன்று தடவை பார்த்தார். எங்கேயும் போகவில்லை.

"விடல" என்றார்.

தாளை வெளியே எடுத்தபடி மறுபடியும் சொன்னார். "ஒரு நூல்கூட விடல. பசை தப்பா இருந்தா பட்டி பிரிஞ்சிருக்கும், பலகை தப்பிச்சிருக்கும். அவ ஒட்டினது அப்படிப் பிடிச்சிருக்கு, அதான் மரம் பொளந்துடுச்சு. வந்த அன்னிக்கே உள்ள பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் வெளியில பாத்துட்டுக் கத்தினேன்."

நான் அழ ஆரம்பித்தேன். "அழாதே, ஈரம்" என்றார். இந்த நேரத்தில் வேடிக்கையா என்று பார்த்தால், அவர் முகத்தில் வேடிக்கை இல்லை. அவர் கண்ணும் சரியில்லை.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் அவரே சொன்னார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன், அதற்குத் தனித் தாள் வேண்டும். பிறகு அப்பா என்னிடம், "அவளுக்கு எழுதறியா நீ?" என்றார். பொய் சொல்லிப் பார்த்தது போதும் என்று "ஆமா" என்றேன்.

"அப்ப எழுது. அப்பா சொன்னது தப்புன்னு எழுது. வரச் சொல்லி எழுதாதே. வரச் சொல்ல எனக்கு வாய் இல்ல."

அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். என் பங்குக்கு நான் எதையும் கேட்கவில்லை.

சில்லு

---

ஜூலை 1

சில்லு,

நீ உண்மையைச் சொன்ன கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதை உனக்கு அனுப்பியிருந்தால் நீ ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டாய். அதனால்தான் அனுப்பவில்லை. கோபம் இல்லை என்று நினைக்காதே. இருக்கிறது. எட்டு மாதம் என் இரண்டு கையையும் நான் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போதுகூட. அது என்னவென்று உனக்குத் தெரியாது.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்றை நானும் சொல்ல வேண்டும். அன்று பலகையைக் கையில் எடுத்தபோது விரல் நுனியில் ஒரு குளிர்ச்சி தெரிந்தது. அறையில் ஏதோ நாற்றம்கூட அடித்தது. எலி செத்திருக்கும், பிறகு பார்ப்போம் என்று நினைத்தேன். அது உன் சாக்ஸ் என்பது இப்போதுதான் தெரிகிறது. நோட்டில் நாற்பத்தைந்து என்று இருக்கிறதே, என் விரலுக்கு என்ன தெரியும் என்று ஒட்டிவிட்டேன். இரண்டு எட்டு எடுத்துவைத்துக் கதவுக்குப் பின்னால் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். அந்த இரண்டு எட்டு என் கணக்கில். மீதி உன் கணக்கில், அப்பா கணக்கில். யாருக்கு எவ்வளவு என்று நாம் மூன்று பேரும் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இன்று காலை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்தே கொடுத்தார். நான் மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏம்மா, வேற எடத்துல கூப்ட்டாங்களா?"

"யாரும் கூப்பிடல சார். நான்தான் போறேன்."

"அங்க என்ன செய்வே?"

"பசை வைப்பேன் சார்."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். நாலு மாதமாகப் பசைப் பகுதிக்குப் போகச் சொல்லிக் கெஞ்சியவர் அல்லவா.

அப்பாவிடம் நீயே படித்துக் காட்டு. வரச் சொல்ல அவருக்கு வாய் இல்லை என்றால் பரவாயில்லை, எனக்குக் கால் இருக்கிறது. ஆனால் பழையபடி அவருக்குக் கை உதவியாக வரவில்லை. ஜன்னல் பக்க மேசை எனக்கு. நான் ஒட்டியதில் குற்றம் சொல்வதானால் முதலில் தாளைச் செருகிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால் வாசலில் நிற்கட்டும். இல்லை என்றாலும் நிற்கட்டும், பேசிக்கொள்கிறோம்.

அந்தக் கிட்டாரை யாரும் தொட வேண்டாம். விரிசலை நான்தான் மூடுவேன். உள்ளே குறுக்காக வைக்க அதே மரத்தில் சின்னத் துண்டுகள் வேண்டும், அப்பாவிடம் மீதிப் பலகை இருக்கும், எடுத்துவைக்கச் சொல்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். எழுதுவது சுலபம், அதனால்தான் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பஸ் நிலையத்துக்கு ஓடி வராதே. முதலில் கிட்டாரைப் பார்க்க வேண்டும். உன்னை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா