மோட்டார் கொட்டகையைச் சுற்றிப் போகிறவள்

அச்சுக்குப் போகும் முன் திருத்திப் பார்க்கச் சொல்லி என் கதைத் தொகுப்பின் தாள்கள் முந்தாநாள் கூரியரில் வந்தன. கட்டைப் பிரித்ததும் புது மை வாசனை. உன்னிடம் காட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நீ இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கை இன்னும் போனைத் தேடுகிறது.

ஒரு கதையின் ஓரத்தில் பதிப்பாளர் சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தார்: "இவள் ஏன் சுற்றிப் போகிறாள்? வாசகருக்குப் புரியாது. காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்தக் கதையை எடுத்துவிடலாம்."

எந்தக் கதை என்று உனக்குத் தெரியும். கரும்பு வெட்டப் போகும் ஒருத்தி. எல்லோரும் நிலத்துக்காரரின் மோட்டார் கொட்டகையை ஒட்டிய வரப்பில் நடக்க, அவள் மட்டும் ஒரு நாளிலிருந்து ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போகிறாள். அரை மணி நேரம் கூடுதலாக, வெயிலில். அவ்வளவுதான் கதை.

முதலில் நான் அப்படி எழுதவில்லை. கொட்டகைக்குள் என்ன நடந்தது என்று கடைசியில் ஒரு பத்தி இருந்தது. சாத்திய கதவு, மோட்டார் சத்தம், கிழிந்த ரவிக்கை எல்லாம் போட்டிருந்தேன்.

நாம் இருவரும் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி மலைப் பள்ளிக்கு வேலைக்குப் போன காலம் அது. நான் எழுதியதைக் கொடுத்தால் கடைசிப் பத்தி தெரியாதபடி தாளை மடித்துக்கொள்வாய். மலை வளைவுகளில் குலுங்கிக்கொண்டே மீதியைப் படித்துவிட்டு, என்ன நடந்தது என்று நீயே சொல்வாய். சரியாகச் சொல்லிவிட்டால் மடித்த பகுதியை நான் கிழித்துவிட வேண்டும். "எனக்கே தெரிஞ்சிபோச்சி, அப்புறம் எதுக்குடி இது? உப்பு ஜாஸ்தி" என்பாய். ஒருமுறை தவறாகச் சொல்லி, கதையில் வரும் ஒருவனைச் சாகடித்துவிட்டாய். "அவன் உயிரோடதான்டி இருக்கான்" என்றேன். "அப்ப அத ஒழுங்கா எழுதித் தொலை!" கண்டக்டர்கூடச் சிரித்தார்.

இந்தக் கதையையும் அப்படித்தான் மடித்துப் படித்தாய். வெள்ளிமலை வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். இறங்கிய பிறகுதான் வாய் திறந்தாய்.

"எங்கம்மாவும் இப்படித்தான் சுத்திப் போவாங்க."

உன் பக்கம் திரும்பினேன்.

"நான் கேட்டதில்ல. அவங்க சொன்னதில்ல. அவங்க யார்கிட்டயும் தொறக்காதத நீ எதுக்குடி தொறந்து காட்டுற?"

மடித்த பத்தியை நீ படிக்கவே இல்லை. நின்ற இடத்திலேயே கிழித்தேன்.

நேற்று பதிப்பாளரிடம் போனில் பேசினேன். நல்ல மனிதர்தான். "பயந்து எழுதின மாதிரி இருக்குங்க மேடம்" என்றார். அந்தச் சொல் சுட்டது. பயந்தா விட்டேன்? நிலத்துக்காரருடைய மோட்டார், அவருடைய கொட்டகை, அவருடைய வரப்பு எல்லாம் கதையில் இருக்கிறது. அவள் சுற்றி நடக்கிற ஒவ்வொரு அடியும் அவரைத்தான் காட்டிக்கொடுக்கிறது. அந்த வரியைச் சேர்த்தால் எல்லோரும் அவரை விட்டுவிட்டு அவளுடைய ரவிக்கையைப் பார்ப்பார்கள்.

"நெறைய பேருக்குப் புரியாதுங்க" என்றார் மறுபடியும்.

"புரியாமலே இருக்கட்டும் சார்."

யோசித்து எழுத்தில் பதில் அனுப்பச் சொன்னார்.

இன்று காலை திருநாவலூர்ப் பக்கம் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவரிடம் எதையும் கேட்கும் எண்ணம் இல்லை. பார்க்காமல் பதில் எழுத மனம் வரவில்லை. வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, இன்னும் எழுதிக்கினுதான் இருக்கியா? இன்னா கதை?"

"கரும்பு வெட்டப் போற ஒரு பொம்பள கதைம்மா. வரப்புல போகாம ஏரிக்கரை மேல சுத்திப் போறா."

உரித்த கை நின்றது.

"அவளுக்குப் பொண்ணு கீறாளா?"

என் கதையில் மகள் கிடையாது. ஆனாலும், "இருக்காம்மா" என்றேன்.

"அவள அந்தப் பக்கம் வுடலயே?"

"வுடவே இல்லம்மா."

"அது போதும்" என்று கடலையை மறுபடி எடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே பதில் அனுப்பிவிட்டேன். அந்த வரி வராது. இந்தக் கதையை எடுத்தால் மொத்தத் தொகுப்பையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று. புத்தகம் வராமலே போகலாம். போகட்டும். உன் அம்மா அவளைப் பற்றிக் கேட்ட இரண்டு கேள்விகள் என்னிடம் இருக்கின்றன. இனி நான் எழுதுவதெல்லாம், அப்படிக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு.